ஐரோலிக் கழியில் ஆறு திங்கள்



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் தங்களிற் பலர். பறவைகளை எண்ணுவதற்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள் மூவர். உயிரியலிற் பட்டம் பெற்றபின், ஆறு திங்கள் ஆராய்ச்சிப் பயிற்சிக்காக மும்பையை அடுத்த ஐரோலிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே நாங்கள் கற்ற பாடம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தானே உப்பங்கழியின் கீழ்க்கரையில் அமைந்த ஊர் ஐரோலி. மழைக்காலம் கழிந்து குளிர் தொடங்கியதும் இக்கழிக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சிறு பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை வடித்து, நுண்பாசியை உண்பவை. இளம் பறவை சாம்பல் நிறமாக இருக்கும். பாசியிலுள்ள நிறப்பொருள் உடலிற் சேரச் சேரச் செந்நிறம் ஏறும். 2015ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு இக்கழியில் ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

எங்களுள் ஒருவர் வேதாரணியத்தவர். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடிக்கரையிற் பறவைகளுக்கு வளையமிடுவதைச் சிறுவயதிலேயே கண்டவர். மும்பையிலிருந்து எங்கள் கடற்கரைக்கு அவர்கள் வந்தார்கள்; இப்போது நாங்கள் மும்பைக்கு வந்தோம். வந்தோமே தவிர, மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் தானே வழியாக ரயிலேறி மாதுங்காவுக்கு ஓடினோம். இலைச்சாப்பாடும் காப்பியும் தமிழ்ப் பேச்சும் கிடைத்தன. திங்கட்கிழமை கழிக்கரைக்குத் திரும்பியதும் மீண்டும் ஊமைகளானோம். படகோட்டியான கோளி மீனவப் பெரியவரோடு கையசைவே எங்கள் பேச்சு.

கழியில் நீர் வடிய வடியத்தான் பூநாரைகள் சேற்றில் இறங்கி மேயும். ஆகவே எண்ணுதற்கு உகந்த வேளையும் அதுவே. படகுக்கு இடர் தரும் வேளையும் அதுவே. ஒருநாள் பிற்பகல் பெருங்கூட்டம் ஒன்றை நூறு நூறாகப் பகுத்து எண்ணிக்கொண்டிருந்தோம். பெரியவர் "ஓஹோட்டி, ஓஹோட்டி" என்று பலமுறை கூவினார். ஏதோ பறவையின் பெயரென்று எண்ணி, இன்னும் சற்றுப் பொறுக்குமாறு சைகை காட்டினோம். மூன்று மணிக்குப் படகு சேற்றில் அமர்ந்துவிட்டது. ஓஹோட்டி என்றால் நீர் வற்றுதல் என்பதை அப்போதுதான் அறிந்தோம். இரவு ஒன்பது மணிக்கு நீர் ஏறும்வரை அங்கேயே கிடந்தோம். இறங்கி நடக்கவும் வழியில்லை, சேறு இடுப்பளவு.

பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. தம்மிடமிருந்த அரிசி மாவு பாக்ரியை நான்காகப் பிட்டுத் தந்தார். ஏற்றம் 'பர்த்தி', வற்றம் 'ஓஹோட்டி', பூநாரை 'ரோஹித்' என்று சொல்லிக் கொடுத்தார். கரையோரக் கண்டல் மரத்தைக் காட்டித் 'திவர்' என்றார். அது முத்துப்பேட்டையில் நாம் அலையாத்தி என்றழைக்கும் மரமே! பெயர்தான் வேறு. ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும் என்ற கணக்கையும் விரல்விட்டுக் காட்டினார். நாங்கள் அதை நூலிற் படித்திருந்தோம். ஆனால் அதன்படி வாழ்ந்ததில்லை.

அடுத்த ஞாயிறன்று தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய மூதாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "தம்பிகளா, நான் வந்த புதிதில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத் தெரியாமல் மூன்று நாள் வெறுங்குடத்தோடு திரும்பினேன். குழாயடியில்தான் இந்த ஊர்ப் பேச்சைக் கற்றேன். அதற்குப் பிறகுதான் இது என் ஊராயிற்று," என்றார். எங்களுக்குச் சேறு, அவருக்குக் குழாயடி; பள்ளிக்கூடம் ஒன்றேதான்.

அதன்பின்னும் நாங்கள் மாதுங்காவுக்குச் சென்றோம். ஆனால் ஓடி ஒளிவதற்காக அன்று. பெரியவருக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கி வருவதற்காக. எங்கள் குறிப்பேட்டில் பறவைப் பெயர்களுக்கு எதிரே தமிழும் மராத்தியும் அருகருகே ஏறின. எண்ணிக்கையிலும் பிழை குறைந்தது; எந்த வேளையில் எந்தச் சேற்றுத் திட்டுக்குக் கூட்டம் நகரும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

நேயர்களே, தாய்மொழியை மறவாதிருத்தல் நம் கடமை. வந்த ஊரின் மொழியைக் கற்பது அக்கடமைக்குக் குறைவு செய்யாது. தங்கள் தெருவுக்கும் எங்களைப் போன்ற இளைஞர்கள் படிப்பின் பொருட்டு வரக்கூடும். அவர்களுக்கு ஒருவேளை சோறிடுங்கள். அதனோடு, அவ்வூர்ச் சொற்கள் பத்தையும் கற்றுக்கொடுங்கள். சோறு அன்றைய பசியைத் தீர்க்கும்; சொல் அவர்களைச் சேற்றிற் சிக்காமற் காக்கும்.