உப்புக் காற்றும் வண்டி விளக்கும்

பழவேற்காட்டு ஏரி, நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய ஊர் அதன் கரையில் இருக்கிறது. வரலாற்று மாணவர்கள் அந்தக் கோட்டையின் எச்சத்தையும் கல்லறைகளையும் காணச் செல்வதுண்டு. இன்று நான் பேசப் போவது கோட்டையைப் பற்றியன்று; அந்த ஊர்ச் சந்தையிலும், கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் முதலிய குப்பங்களிலும் மீன் ஏற்ற வந்து நிற்கும் சிறு லாரிகளின் பின்விளக்கைப் பற்றியே.

இதில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். இறாலும் நண்டும் ஐஸ் கட்டியும் ஏற்றிய வண்டி, சந்தை கலையுமுன் சென்னையை அடைய வேண்டும். ஆகவே பொன்னேரிச் சாலையில் அது ஓடும் நேரம் பெரும்பாலும் இருட்டு நேரம். பின்னால் வருபவனுக்கு அந்த வண்டி இருக்கிறது என்று சொல்வது இரண்டு சிவப்பு விளக்குகள். அது நிற்கப் போகிறது என்று சொல்வதும் அவையே. அவை ஊமையானால், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரனின் உயிருக்கு யார் பொறுப்பு?

2005-இல் டாடா ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டி சந்தைக்கு வந்தது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். அதன் பிறகு இவ்வகை வண்டிகள் பெருகின. மற்ற ஊர்களில் இவ்வண்டிகளின் விளக்கு ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றி எரியும். கடலோரத்தில் அப்படி எரிவதில்லை. காரணம் வெளிப்படை. ஒரு புறம் கடற்காற்று. மறு புறம், ஐஸ் உருகி மீனின் உப்பு நீரோடு கலந்து, வண்டித் தட்டின் பின் விளிம்பு வழியே சொட்டிக்கொண்டே போகிறது. விளக்கும் அதன் கம்பி இணைப்பும் இருப்பது சரியாக அந்த விளிம்பின் கீழேதான்! கடலுப்பில் கலந்துள்ள மக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகையால் வண்டி காய்ந்து நிற்கும்போதும் இணைப்பு மட்டும் ஈரமாகவே இருக்கும். செம்புக் கம்பி, இரும்புத் திருகாணி, இடையே உப்பு நீர் என்றால், இரசாயனம் படித்த உங்களுக்கு அது ஒரு சிறு மின்கலம் என்பது விளங்கும். இரும்பு அரிபடும். செம்பும் பச்சைக் களிம்பாக மாறும். களிம்பு வெளியே தெரிந்தால் கவலையில்லை. அது கம்பியின் உறைக்குள் புகுந்து, இழைகளின் இடுக்கு வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும். மேலே பார்த்தால் கம்பி புதிதாகவே தோன்றும்.

இனி, வண்டியின் மின்சுற்றைச் சற்று நினைவில் கொள்ளுங்கள். பாட்டரியின் நேர்முனையிலிருந்து கம்பி விளக்கிற்குச் செல்கிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் நெடுந்தூரம் வருவதில்லை. வண்டியின் இரும்புச் சட்டமே திரும்பு பாதை. பட்டறையில் இதை ‘எர்த்து’ என்பார்கள். விளக்கு எரியாவிட்டால் நாம் பல்பைப் பார்க்கிறோம், பியூஸைப் பார்க்கிறோம், போகும் கம்பியைப் பார்க்கிறோம். திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை. உப்பூரில் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

அவனை அடையாளம் காட்டும் வேடிக்கையான குறி ஒன்று உண்டு. பின்புற பல்பு ஒன்றிலேயே இரண்டு இழைகள் இருக்கும்: பிரேக்கிற்கு 21 வாட், வால்விளக்கிற்கு 5 வாட். இரண்டிற்கும் எர்த்து ஒன்றே. இடப்பக்க விளக்கின் எர்த்து அறுந்துவிட்டதாகக் கொள்வோம். பகலில் பிரேக்கை மிதித்தால் 21 வாட் இழையில் புகுந்த மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியின்றி, பக்கத்து 5 வாட் இழையில் தலைகீழாக ஏறி, வால்விளக்குக் கம்பி வழியே வலப்பக்க விளக்கை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடும். விளைவு யாது? மிதித்தது பிரேக், இடப்பக்கம் மங்கலாக எரிவதோ வால்விளக்கு! இரவில் அந்தப் பக்கத்துத் திரும்பும் குறிவிளக்கைப் போட்டால், வால்விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டும். பேய் பிடித்த வண்டி என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வார். ஒரு விளக்கைப் போட மற்றொன்று பதில் சொன்னால், எர்த்தைத் தேடுக.

எர்த்து முழுதும் அறாமல், களிம்பேறி அரைகுறையாக இருப்பது இன்னும் ஏமாற்றும். 12 வோல்ட்டில் 21 வாட் விளக்கு ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். சூடேறிய இழையின் தடை ஏறத்தாழ 7 ஓம். களிம்பு 3 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 10 ஓம், மின்னோட்டம் 1.2 ஆம்பியர். விளக்கிற்குக் கிடைப்பது எட்டரை வோல்ட்டுக்கும் குறைவு. ஒளியோ அந்த விகிதத்தில் குறைவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இப்போது மெக்கானிக் பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை வரும் கம்பியிலும் மறு முனையை விளக்கின் எர்த்திலும் வைக்கிறார். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. “எல்லாம் சரி, பல்புதான் கெட்டது” என்று புதிய பல்பு மாட்டுகிறார். அதுவும் மங்கல். மீட்டர் பொய் சொல்லவில்லை. மின்னோட்டமே ஓடாதபோது 3 ஓம் தடையில் வோல்ட் எப்படிக் குறையும்? ஓம் விதியைத் தேர்வில் எழுதினால் போதாது, இங்கே கேட்க வேண்டும்.

சரியான முறை: விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் வைத்து, மறு முனையை விளக்கின் உலோக உடலில் வைக்கவும். ஏறக்குறையச் சுழி காட்டினால் எர்த்து நல்லது. நம் கணக்கிலுள்ள வண்டியில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். பிறகு முனையை இணைப்பு இணைப்பாக முன்னே நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தைத் தாண்டியதும் எண் விழுகிறதோ அங்கே களிம்பு. சிலர் கம்பியின் உறையில் ஊசியைக் குத்திச் சோதிப்பார்கள். மேட்டுநிலத்தில் அது பொறுக்கத் தக்க வழக்கம். பழவேற்காட்டில் அந்த ஊசித்துளை உப்புநீருக்கு வைத்த வாசல்.

டிராக்டரும் அதன் பின்வண்டியும் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பிக்கின்றன. விளக்குக்கு ஒரு கம்பி மட்டும் இழுத்துவிட்டு, எர்த்துக்குக் கொக்கியையும் முளையையும் நம்பிவிடுவது உண்டு. துருவும் மண்ணும் கிரீசும் பூசிய முளை எப்படி மின்பாதையாகும்? மேட்டுப் பள்ளத்தில் விளக்கு விட்டு விட்டு எரிவது இதனால்தான். உலகத் தரத்தில் வந்த ஏழு முள் இணைப்பானில் மூன்றாம் முள், வெள்ளைக் கம்பி, எர்த்துக்கென்றே ஒதுக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படகைப் பின்வண்டியில் ஏற்றிப் பிக்கப் வண்டியால் இழுத்துச் செல்வோர் மிகுதி. அங்கே பின்வண்டிகள் பலவற்றில் பிரேக்கும் மின்சாரமே. சக்கரத்தின் உருளைக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் மிதித்ததும் அது சுழலும் உருளையைப் பற்றி அதனுடன் இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ளிக் கட்டையை அழுத்துகிறது. காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர். இரு காந்தங்கள் உள்ள வண்டியில், முழு அழுத்தத்தில் அம்மீட்டர் 6 காட்ட வேண்டும். சரியாக 3 காட்டினால் ஒரு காந்தத்தின் கம்பி அறுந்தது. நான்கரை காட்டினால் இரண்டிற்கும் பொதுவான இணைப்பில் அரிப்பு என்று முதலில் ஐயுறலாம். மங்கிய விளக்கு எச்சரிக்கையேனும் தரும். மங்கிய பிரேக்கோ பாரம் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் தெரியும். நம் நாட்டில் இத்தகைய பிரேக் அரிது.

பழுது கண்டபின் செய்ய வேண்டியவை மிகுதியில்லை. முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றவும். கறுத்த கம்பியை, பளபளப்பான செம்பு தென்படும்வரை வெட்டி எறியவும். சுரண்டி ஒட்டுப்போடுவது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். படகுகளுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி விற்கிறார்கள். விலை சற்று அதிகம், ஆனால் இவ்வூருக்கு அதுவே ஏற்றது. இணைப்பை நன்கு நெரித்து இறுக்கி, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடி, திருகாணியில் வாசலைன் பூசவும். இரு பின்விளக்குகளிலிருந்தும் தனி எர்த்துக் கம்பி ஒன்றைப் பாட்டரிவரை கொண்டுபோய்விட்டால், துருப்பிடித்த சட்டத்தை நம்ப வேண்டியதில்லை. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதற்குப் பதில் தடித்த கம்பியைச் சொருகுவோர் உண்டு. அவர்கள் விளக்கைக் காப்பாற்ற வண்டியை எரிக்கத் துணிந்தவர்கள்.

இப்போது எல்.இ.டி. விளக்குகள் பரவி வருகின்றன. அவை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால், களிம்பேறிய இணைப்பிலும் பளிச்சென்று ஒளிர்ந்து நோயை மறைத்துவிடும். அத்தகைய வண்டியில் விளக்கு எரிகிறது என்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை அந்த எர்த்துத் திருகாணியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.