பிள்ளைக்காம்பராவில் பாதுகாப்பு: யாருக்கு என்ன பொறுப்பு?

(பிள்ளைக்காம்பராப் பணியாளர்களுக்கும் தோட்டத் தலைவிமாருக்கும் எமது சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பிரட்டுக்குப் போகும் முன் எங்கள் தாய்மார் முதலில் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. கூடையை மாட்டுவதற்கு முன் இடுப்பில் இருக்கும் பிள்ளையை அங்கே இறக்குகிறார்கள். அந்தப் பிள்ளையை வாங்குகிற கை உங்கள் கை. இப்போது பெயர்ப்பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும் வேலை மாறவில்லை. நீங்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் தாய் நிம்மதியாக மலையில் நின்று கொழுந்து பறிக்கிறாள். ஆகவே பிள்ளைக்காம்பரா வேலையும் தோட்டத்தின் உற்பத்தி வேலைதான். இதை முதலில் நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் எங்கள் தோட்டங்களில் எழும் முதல் கேள்வி, "ஆயம்மா எங்கே போனா?" என்பதுதான். படி உடைந்திருந்ததா, எத்தனை பிள்ளைகளை ஒருவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், உடைந்த படியைப் பற்றி அவர் எத்தனை தடவை சொல்லியிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே பேசி வைக்காத இடத்தில், பழி முழுவதும் கடைசியில் இருப்பவர் தலையில்தான் விழும். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் எங்கள் தாய்மாருக்கு மிக முக்கியமானது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு 9 மணித்தியால வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. இது சாப்பாட்டு நேரத்துக்குப் புறம்பானது. தாய் பாலூட்ட வரவில்லை என்றால், அவளை மலையில் தடுத்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதை எங்களுக்கு அறிவிக்கக்கூடிய முதல் ஆள் நீங்கள்தான்.

அடுத்தது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்குத் தொழில் கொடுப்போர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிள்ளையைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தால், "வீட்டில் விழுந்தேன்" என்று மருந்து எடுக்கப் போகாதீர்கள். எங்கே, எப்படி விழுந்தோம் என்பதைத் தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சங்கம் பேசுவதற்கு அந்தச் சீட்டுத்தான் ஆதாரம்.

மூன்றாவது, சர்வதேச தொழில் தாபனம் 1981 இல் நிறைவேற்றிய 155 ஆம் இலக்கச் சமவாயம். தொழிலிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது தொழில் கொடுப்போரின் கடமை என்றும், அதற்கு ஒத்துழைப்பது தொழிலாளியின் கடமை என்றும் அது சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளி ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் பாதுகாப்பான, சுகாதாரமான தொழிற்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே அந்தத் தாபனம் சேர்த்துக்கொண்டது. இதைக் கேட்கும்போது, சவர்க்காரத்தையும் தும்புத்தடியையும் தங்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கும் சகோதரிகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, எங்கள் பக்கத்துப் பொறுப்புகள். உரிமையைக் கேட்கும்போது, எங்கள் கடமையைச் சரியாகச் செய்தோம் என்று நிமிர்ந்து நின்று சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

முதலாவது, கை கழுவுதல். பிள்ளையின் மலம் கழுவிய பிறகு, மூக்குத் துடைத்த பிறகு, சாப்பாடு ஊட்டும் முன், பால் கரைக்கும் முன், சவர்க்காரம் போட்டு 20 செக்கன் தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைகளின் கையையும் அப்படியே கழுவிவிட வேண்டும். ஒரே துவாயால் எல்லாப் பிள்ளைகளையும் துடைப்பது கண்நோயையும் சொறியையும் பங்கு போட்டுக் கொடுக்கிற வேலை. குடிக்கும் தண்ணீர் பீலியிலிருந்து வந்தாலும் குழாயில் வந்தாலும், கொதிக்க வைத்து ஆறிய பிறகே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அடுப்பும் மருந்தும். அடுப்பு உள்ள இடத்துக்குப் பிள்ளைகள் போக முடியாமல் ஒரு தடுப்புக் கதவு வேண்டும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்கக் கூடாது. கழுவும் திரவங்களை உயரத்தில், பூட்டுப் போட்ட இடத்தில் வைக்க வேண்டும். பிளீச்சிங்கையும் மலசலகூடம் கழுவும் திரவத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது; அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும். மலையில் மருந்து அடித்த கேன்களை எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீர் பிடிக்கப் பாவிக்கக் கூடாது. மருந்து அடிக்கும் வேலைக்குப் போன தகப்பன் அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்க வந்தால், "குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வாங்கண்ணே" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவருடைய பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறீர்கள்.

மூன்றாவது, உங்கள் முதுகு. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை 10 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறீர்கள்? இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து எழும்புங்கள். நடக்கத் தெரிந்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். கைக்குழந்தைகளை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

நான்காவது, மழையும் குளவியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்து நிற்கும் மரம், மின்கம்பம், இவற்றைக் கண்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். எங்கே போவது, கைக்குழந்தைகளை யார் தூக்குவது, யார் வந்து உதவுவது என்பதை வெயில் காலத்திலேயே முடிவு செய்து, ஒரு தடவை நடந்தும் பார்க்க வேண்டும். குளவி கலைந்தால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவு, ஜன்னல்களை மூடுங்கள். யாருக்காவது கொட்டி மூச்சு முட்டினால், தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஐந்தாவது விடயம் கஷ்டமானது. காய்ச்சலோடு, வயிற்றோட்டத்தோடு, அம்மைக் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை காலையில் வருகிறது. வாங்கினால் மற்றப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தொற்றும். திருப்பி அனுப்பினால் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. அந்தத் தாய் பொறுப்பில்லாமல் கொண்டுவரவில்லை. ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த நாள் உலைக்கு அரிசி இல்லை என்பதால் கொண்டுவருகிறாள். இதில் உங்களையும் தாயையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கி நிற்க விடக் கூடாது. எந்த நோய்க்குப் பிள்ளையை வாங்கக் கூடாது என்பதைத் தோட்ட வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி, நிர்வாகம், தாய்மார் எல்லோரும் கூடி எழுதி, சுவரில் ஒட்ட வேண்டும். அப்போது நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு மறுப்பதாக யாரும் சொல்ல முடியாது. பகலில் நோய் வந்தால் தாய் வரும்வரை பிள்ளையைத் தனியே வைத்திருக்க ஒரு மூலை வேண்டும். வயிற்றோட்டம் என்றால் கொடுக்க ஜீவனி பொதி இருக்க வேண்டும். நோயுற்ற பிள்ளையோடு நிற்கும் தாயின் அன்றைய பேரைப் பற்றி நிர்வாகத்தோடு பேசுவது சங்கத்தின் வேலை. அதை எங்கள் கோரிக்கைகளில் சேர்த்திருக்கிறோம்.

ஆறாவது, எழுதி வைத்தல். ஒரு அப்பியாசக் கொப்பி போதும். திகதி, நேரம், என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார். கூரை ஒழுகுகிறது, படி உடைந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை, இன்று ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தேன், எல்லாவற்றையும் எழுதுங்கள். நிர்வாகத்திடம் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். வாயால் சொன்னதை "சொல்லவே இல்லை" என்று மறுக்கலாம். கையொப்பம் உள்ள கடிதத்தை மறுக்க முடியாது. ஒரு பிள்ளையின் உடம்பில் காரணம் தெரியாத காயத்தைக் கண்டால் அதையும் எழுதி, மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். துன்புறுத்தல் என்று சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இவ்வளவும் எங்கள் பக்கம். நிர்வாகத்தின் பக்கத்தில் இருப்பவை இவை: ஒழுகாத கூரை, வழுக்காத தரை, சுத்தமான தண்ணீர், மலசலகூடம், போதிய ஆட்கள், சவர்க்காரம், கையுறை, முதலுதவிப் பெட்டி, அதைப் பாவிக்கப் பயிற்சி. தொண்டையில் ஏதாவது சிக்கிய பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்பதைச் செய்து காட்டித்தான் பழக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து அந்த நிமிடத்தில் படிக்க முடியாது. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் தருவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

கொழும்பில் வீடுகளில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தனியாகத் தூக்கிப் புரட்டினால் முதுகு போய்விடும். இரண்டாவது ஆளைக் கேட்க வேண்டும். எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இரத்தம், மலம், சலம் துடைக்கக் கையுறை கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இன்று போகும்போது செய்ய வேண்டிய ஒரு வேலையோடு போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன், தலைவியும் பணியாளரும் இரண்டு தாய்மாரும் சேர்ந்து உங்கள் பிள்ளைக்காம்பராவை ஒரு மணித்தியாலம் சுற்றிப் பாருங்கள். கூரையிலிருந்து கான் வரை குறைகளை எழுதுங்கள். நாங்களே திருத்தக்கூடியதை ஒரு பக்கத்திலும், நிர்வாகம் திருத்த வேண்டியதை மறுபக்கத்திலும் போடுங்கள். முதல் பக்கத்தை அந்த வாரமே முடித்துவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் பிரதி எடுத்து, ஒன்றைத் துரையிடமும் ஒன்றைச் சங்கக் காரியாலயத்திலும் கொடுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவது எங்கள் பொறுப்பு.