பூச்சி மருந்துக்கு அடங்காத புழு



பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்கள் விழாவில் பேசக் கால்நடை மருத்துவனை அழைத்திருக்கிறீர்கள். மயிலம் சுற்றுவட்டாரத்தில் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. அதனால் ஆட்டைப் பற்றியே பேசுகிறேன்.

மழைக்காலத்தில் ஆடு மெலிந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்காம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுவின் வேலை அது. பெண் புழுவைப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். ஒன்றே நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு விழுந்து, பொரிந்து, இளம்புழுவாக ஈரப்புல்லில் ஏறி மறுபடி ஆட்டின் வாய்க்கே வந்துவிடும்.

நாம் என்ன செய்கிறோம்? கடையில் குடற்புழுவுக்கான பூச்சி மருந்து வாங்கி, குட்டிக்கும் கிடாவுக்கும் கண்ணளவில் ஊற்றுகிறோம். செம்மறிக்குப் போதுமான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. அரைகுறை மருந்தில் தாங்குதிறன் கொண்ட புழு பிழைத்துக்கொள்ளும். அடுத்த தலைமுறை அதன் வாரிசுதான். புழுவின் ஒரு புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால் போதும், அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து அதனிடம் பலிக்காது.

1961-இல் தயாபெண்டசோல் என்ற பூச்சி மருந்து வந்தது. 1964-க்குள் அமெரிக்க ஆடுகளில் அதற்கு அடங்காத புழு வந்துவிட்டது. குதிரைகளிலும் அதே கதைதான். ஐவர்மெக்டின் என்ற இன்னொரு பூச்சி மருந்தைத் தந்த ஆய்வுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2002-இல், நெதர்லாந்துக் குதிரைக் குட்டிகளின் உருளைப்புழு அந்த மருந்தை மீறியது பதிவாகிவிட்டது. நம் நீலகிரிச் செம்மறிகளிலும் மருந்துக்கு அடங்காத புழுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. பள்ளியில் உங்களுக்குத் தந்த குடற்புழு மாத்திரையும் அல்பெண்டசோல்தான். இதை ஆட்டுக்காரர் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

வழி இருக்கிறது. ஆட்டின் மேல் இமையை ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கீழ் இமையை மற்றதால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஆட்டுக்கு இந்தப் புழுவுக்காக இப்போது மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் தாமதிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிற அட்டை உருவாக்கினார்கள். மருந்து படாத ஆடுகளில் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் மிஞ்சியிருப்பது நமக்கே நல்லது. மருந்தை மீறிய புழு மந்தை முழுவதையும் பிடிப்பதை அவை தாமதப்படுத்தும். மருந்து கொடுப்பதற்கு முன்பும், கொடுத்த 10 முதல் 14 நாளிலும் புழுக்கையைச் சோதித்து, முட்டை 95 சதவீதமாவது குறைந்ததா என்று பாருங்கள். குறையாவிட்டால் அளவு தவறியிருக்கலாம், அல்லது மருந்து தோற்றிருக்கலாம்.

பிள்ளைகளே, வீட்டில் அப்பாவோ அம்மாவோ மருந்துப் புட்டியை எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். புட்டியில் உள்ளதை வாசித்துச் சொல்லுங்கள். ஆட்டை எடை போடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் விடாதீர்கள். கொஞ்சம் புழுக்கையைக் காகிதத்தில் மடித்து, கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள்.