மலைச்சரிவில் பிறந்த குரல்



மாசி மாதம் பிறந்தால் ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்துக் களைகட்டும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கங்களில் தப்பொலி முழங்க, மதனும் ரதியும் லயங்களின் முன்னே ஆடி வருவர். ஆயினும், மரபுப்படி ரதி வேடம் புனைபவர் ஓர் ஆடவரே. கொழுந்து மலையில் ஆணுக்கு நிகராக உழைத்த பெண், ஆட்டக்களத்தில் மட்டும் பார்வையாளராகவே நின்றாள். இதனை மனத்திற் கொண்டால், மலைநாட்டிற் பிறந்த ஒரு பெண் மேடையேறிப் பாடியதன் துணிவு விளங்கும்.

அப்பெண்மணி ருக்மணி தேவி. 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா. சிறுமியாயிருந்தபோதே சிங்கள நாடகமொன்றில் சீதையாகத் தோன்றினார். 1939இல் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய இசைத்தட்டு அவர் குரலை இலங்கையெங்கும் கொண்டு சென்றது.

பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவின் நாடகமே 1947இல் முதலாவது சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’ ஆயிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். படப்பிடிப்பு நிகழ்ந்த இடம் தென்னிந்தியா. கதாநாயகி ருக்மணி தேவி. பல இனத்தார் கைகோத்து ஆக்கிய படம் அது. மறு ஆண்டே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. கலையுலகில் நிலவிய அந்த இணக்கம் அரசியலில் நிலவவில்லை.

அக்காலப் படங்களில் பாட்டே உயிர். ருக்மணி தேவி தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தார். ஆனால் 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ‘ரேகாவ’ படத்தின் மூலம் சிங்களத் திரையை நாடகப் பாணியினின்றும் விடுவித்தார். சுவை மாறியது; பழைய நட்சத்திரங்களுக்கு வாய்ப்புக் குறைந்தது. அந்தப் பீரிஸே 1978இல் தம் ‘அஹசின் பொலவட்ட’ படத்தில் ருக்மணி தேவிக்கு இடமளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவை ஊர் ஊராக நிகழ்ந்த இசை மேடைகளே. ஐம்பது வயது கடந்த பின்னும் இரவெல்லாம் பாடி, நெடுந்தூரம் பயணித்து வீடு திரும்புவார். 1978 ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்புகையில், ஜா-எலவுக்கு அருகே நேர்ந்த கார் விபத்தில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 55.

நீர்கொழும்பில் இன்று அவருக்குச் சிலை உண்டு. சிலை எழுப்புதல் நன்றே. ஆனால் முதுமையில் இரவுப் பயணமின்றி வாழ ஒரு வழி, அதனினும் நன்றாயிருந்திருக்கும். நல்ல குரல் படைத்த சிறுமியர் ஊவாவின் தோட்டப் பாடசாலைகளிலும் இருப்பர். அவர்களை மேடையேற்றும் சமுதாயம், மேடையை விட்டு இறங்கிய பின் அவர்கள் வாழ்வையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.