இரு மகள்கள் வாழும் இல்லம்

(நம் ஆலயப் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற குடும்ப தினத்தன்று பங்குத்தந்தை அவர்கள் ஆற்றிய உரை)



நம் கோயிலுக்கு ஐம்பது வயது நிறைவடைகிறது. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை எல்லாவற்றையும் ஆண்டவர் அருளால் குறைவின்றி நடத்தி வருகிறோம். கோபுரத்திற்கு வண்ணம் பூசியாயிற்று. கெபிக்கும் புதிதாகத் தளம் போட்டாயிற்று. ஆனால் இன்று நாம் பேச வந்தது இந்தக் கோயிலைப் பற்றி அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சிறப்பித்துக் கூறியது. அந்தக் கோயிலுக்குக் கோபுரமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. அங்கே இருப்பவை அடுப்பு, பாய், பள்ளிக்கூடப் பை, சுவரில் ஒரு திருஇருதயப் படம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அதிலும் குறிப்பாக, இரண்டு பெண் குழந்தைகள் உள்ள இல்லங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் பங்கில் அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் குடும்பத்தாரின் இசைவோடு, பெயர் சொல்லாமல் அந்தக் கடனை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

நாம் இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில் ஒரு ஞாயிறு மாலை, அவ்வீட்டின் இரண்டாவது மகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம். தகப்பனார் கொத்தனார், தாயார் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. மெழுகுதிரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சடங்கு முடிந்து பதிவேட்டில் பெயர் எழுதும்போது, தகப்பனாரின் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க, அடுத்தது சிங்கக்குட்டிதான்" என்று சொன்னோம். ஆறுதலாகச் சொன்னதாகவே எண்ணினோம். எல்லாரும் சிரித்தார்கள். தாயார் மட்டும் துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டார். அதை நாம் பார்த்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு பாஸ்காவுக்குப்பின் வீடு மந்திரிக்கச் சென்றோம். கோயில்பிள்ளை தீர்த்தச் செம்போடு உடன் வந்தார். அந்த மூத்த பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது, புதுநன்மைக்குத் தயாரித்துக்கொண்டிருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். "என்னம்மா?" என்றோம்.

"சாமி, தங்கச்சி பிறந்தப்ப நீங்க கவலைப்படாதீங்கன்னு சொன்னீங்களாமே? எங்க அம்மா கவலையே படலியே சாமி. எதுக்குச் சொன்னீங்க?"

நமக்கு விடை தெரியவில்லை. "உனக்கு யாரம்மா சொன்னது?" என்று கேட்டோம். "அப்பத்தா தினமும் சொல்லுமே! சாமியாரே வாக்குக் கொடுத்திருக்காரு, அடுத்தது பையன்தான்னு" என்றாள்.

அன்பர்களே, அப்போதுதான் நாம் செய்தது நமக்குப் புரிந்தது. நாம் வேடிக்கையாகச் சொன்ன ஒரு சொல், ஐந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரு கோலாக இருந்திருக்கிறது. இரண்டே போதும் என்று கணவனும் மனைவியும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஆனால் உலைவைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தத் தாயார் நம் சொல்லால் குத்துப்பட்டிருக்கிறார். "கவலைப்படாதே" என்று சொன்னவர், இங்கே கவலைப்பட ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே சொன்னார்? ஞானத்தண்ணீர் உலராத ஒரு குழந்தையின் தலைமாட்டில் நின்றுகொண்டு அதைச் சொன்னோம். மறுநாளே அவ்வீட்டுக்கு மீண்டும் சென்று அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். பாட்டியம்மாவிடம், "அது வாக்கும் அல்ல, வரமும் அல்ல, எம் வாய்த் தவறு" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அதன்பின் அவ்வப்போது மாலை வேளையில் அந்த வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்துவிட்டு வருவது வழக்கமாயிற்று. பெரிய நிகழ்ச்சி எதுவும் அங்கே நடப்பதில்லை. ஆறு மணிக்குத் தகப்பனார் வேலை முடிந்து வருவார். அவருடைய தூக்குச்சட்டியை யார் வாங்குவது என்று இரண்டு பேருக்கும் போட்டி. சிறியவள் அதில் ஒரு வாய்ச் சோறு மிச்சம் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பாள். மிச்சம் இருக்கும். வேண்டுமென்றே மிச்சம் வைத்து வருகிறார் என்பது பெரியவளுக்குத் தெரியும், சிறியவளுக்குத் தெரியாது. அவர் கையில் ஒட்டிய சிமெண்டைத் தேங்காய் எண்ணெய் தேய்த்து நீக்குவது பெரியவளின் வேலை. தையல் இயந்திரத்தின் அடியில் விழும் வெட்டுத்துணிகள் எல்லாம் சிறியவளின் சொத்து. அவளுடைய பொம்மைக்கு நம் பங்கிலேயே அதிகமான சேலைகள் உண்டு!

எட்டு மணிக்குச் செபமாலை. காரணத்திற்கு ஒருவராகச் சொல்ல வேண்டும். மூன்றாம் காரணம் சிறியவளுடையது. ஆனால் பெரும்பாலும் இரண்டாம் காரணத்திலேயே அவள் தாயின் மடியில் உறங்கிவிடுகிறாள். உடனே பெரியவள் அவளுக்காக அந்தப் பத்து மணிகளையும் தானே சொல்கிறாள். காலையில் இவள், "என் காரணத்தை நீ ஏன் சொன்னே?" என்று சண்டைக்குப் போகிறாள். இந்த வழக்கு நம்மிடம் இரண்டுமுறை தீர்ப்புக்கு வந்திருக்கிறது. உறங்குகிறவருக்குப் பதிலாக ஒருவர் செபிப்பதுதானே திருச்சபை? இறையியல் பயின்ற நமக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

இப்படிப்பட்ட இல்லத்தைப் பார்த்துத்தான், "ஐயோ, இரண்டும் பெண்ணா?" என்று கேட்கிறோம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் "போதும்பொண்ணு" என்றே குழந்தைக்குப் பெயர் வைத்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பெயரைத் தாங்கியவள், தான் வேண்டாதவள் என்பதைத் தன்னைக் கூப்பிடும் ஒவ்வொருவர் வாயாலும் கேட்டு வளர்ந்தாள். தொட்டிலில் குழந்தையை இட்டுச் செல்லும் திட்டத்தை அரசு 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்க வேண்டியதாயிற்று. கருவிலே பாலினம் அறிவதைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். இந்தக் குறை எங்கே தொடங்குகிறது? கொலைபாதகம் செய்வோரிடம் மட்டுமா? நாம் தோளைத் தட்டிச் சொன்னோமே, அந்த ஒரு சொல்லிலும் அது இருக்கிறது.

சிலர், "பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா, சாமி?" என்பார்கள். எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மனாசே குலத்தில் ஒருவர் ஆண் வாரிசு இன்றி இறந்துபோனார். அவருடைய ஐந்து புதல்வியர் மோசேயின் முன்னும் மக்கள் அனைவர் முன்னும் வந்து நின்று, எங்கள் தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று வழக்குரைத்தார்கள். மோசே அதை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரியே, அவர்களுக்குப் பங்கு கொடு என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். பெயர் சொல்ல மகள் போதும் என்பது ஆண்டவரே கொடுத்த தீர்ப்பு.

கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் மகன் போடும் ஒரு பிடி மண்ணுக்கும் மகள் போடும் ஒரு பிடி மண்ணுக்கும் வேறுபாடு உண்டோ? இல்லாத கவலையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

சிறுமலர் புனித தெரேசாளின் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். பிரான்சு நாட்டில் தகப்பனார் லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தார். தாயார் செலி பின்னல்வேலை செய்வித்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். ஒரு மகன் குருவாகி மறைபரப்பச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தன. எஞ்சியவர்கள் ஐந்து பெண்கள். அவர்களில் கடைசி இருவர் செலின், தெரேசாள்; இணைபிரியாமல் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். தெரேசாளுக்கு நான்கரை வயதானபோது, 1877ஆம் ஆண்டில் தாயார் புற்றுநோயால் மறைந்தார். பின்னர் தகப்பனார் நோயுற்றபோது, தன் துறவற விருப்பத்தையும் தள்ளிவைத்து அவர் இறக்கும்வரை உடனிருந்தவர் செலின். தெரேசாளோ மடத்தின் சுவரைத் தாண்டாமலே 24 வயதில் இறந்தார். எனினும் 1927ஆம் ஆண்டில் பதினோராம் பத்திநாதர் அவரை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். மகன் செய்ய வேண்டும் என்று விரும்பியதை மகள் செய்தாள். அந்தப் பெற்றோர் இருவரையும் 2015ஆம் ஆண்டில் ஒன்றாகவே புனிதர் நிலைக்கு உயர்த்தியது திருச்சபை.

இனி, இரு மகள்களை வளர்க்கும் பெற்றோருக்கு நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒருத்தியை வைத்து மற்றவளை அளக்காதீர்கள். பெத்தானியாவிலும் இரு சகோதரிகள் இருந்தார்கள். மார்த்தா வேலை செய்கிறவள், மரியா கேட்டுக்கொண்டிருக்கிறவள் என்று நாம் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டோம். ஆனால் அவர்களுடைய சகோதரன் லாசர் இறந்தபோது எழுந்து ஓடி ஆண்டவரை எதிர்கொண்டவர் மார்த்தா. அவரே மெசியா என்று அறிக்கையிட்டவரும் மார்த்தாவே. ஒரு பிள்ளை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நெடுங்காலம் மார்த்தாவுக்கு மட்டும் உரியதாயிருந்த சூலை 29ஆம் நாளை, 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று உடன்பிறப்புகளுக்கும் பொதுவான நினைவு நாளாக்கினார். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது, மூத்தவள் என்பதற்காக அவளுடைய சிறுபிராயத்தைப் பறிக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் தங்கையும் அவள் இடுப்பிலேயே ஏறினால், அவள் நொண்டி விளையாடுவது எப்போது? தங்கைக்காகச் சொல்லும் காரணம் அவளாக விரும்பிச் சொல்வதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தகப்பனாரே, இது உமக்கு. சாயங்காலம் ஒரு கால்மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடும். மதுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவரின் அடியோசையைக் கேட்டுப் பாயின் ஓரத்தில் சுருண்டுகொள்ளும் குழந்தைகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். தூக்குச்சட்டியில் ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைத்து வருவதற்குப் பணம் வேண்டியதில்லை.

நான்காவது, பெண் பிறந்த அன்றே நகைச்சீட்டுக் கட்டத் தொடங்குகிறீர்கள். அதே பணத்தை அவள் படிப்புக்குக் கட்டுங்கள். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடவுள் முன்னிலையிலும் அது குற்றமே. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நகை போட்டாயிற்று என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளாதீர்கள். ஓலை வாசிக்கும் நாளில் மட்டும் அவள் உங்கள் மகள் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பிறகும் அவள் உங்கள் மகளே.

திருச்சபையும் இந்தப் பாடத்தை மெல்லக் கற்று வருகிறது. சிறுமியரும் பீடத்தில் பணியாற்றலாம் என்று 1994ஆம் ஆண்டில் உரோமை தெளிவுபடுத்தியது. இவ்வாண்டு பொன்விழாத் திருப்பலியில் நம் பீடத்தில் மெழுகுதிரி ஏந்தி நின்றவர்களில் ஒருத்தி, ஒருநாள் தங்கையின் திருமுழுக்கில் அதே பீடத்தின் கீழே மெழுகுதிரி பிடித்து நின்றவள். அன்று நாம் அவளைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கத் தவறினோம்.

ஆகவே அன்பர்களே, பொன்விழா நினைவாக நாம் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி இக்கோயிலில் திருமுழுக்குப் பெறும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும், ஆண் குழந்தைக்கு அடிப்பது போலவே மணி அடிக்கப்படும். பதிவேட்டில் பெயர் எழுதியபின் நாம் பெற்றோரிடம் சொல்லப்போவது ஒன்றே: "ஆண்டவருக்கு நன்றி." நீங்களும் தொட்டில் பார்க்கப் போகும்போது அதையே சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக. தந்தை, மகன், தூய ஆவியாரின் ஆசீர் உங்கள் மீதும் உங்கள் புதல்வர் புதல்வியர் மீதும் என்றும் தங்குவதாக. ஆமென்.