சங்கக் கணினிகளுக்குக் காவல்
(அனுப்பம்பட்டில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. செயற்குழுவினர் எனக்கு இட்ட பணியோ வேறு. நம் அலுவலகக் கணினிகளையும் கைப்பேசிகளையும் பாதுகாக்கவும், ஓரிடத்திலிருந்து மேற்பார்வை செய்யவும் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று கூறப் பணித்தார்கள். வறண்ட பொருள் என்று முகம் சுளிக்காதீர்கள்.

அக்கணினிக்குள் இருப்பவை யாவை? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைப்பேசி எண். பிள்ளையின் பெயரையும் கல்லூரியையும் சரியாகச் சொல்லி, "உதவித்தொகை வந்திருக்கிறது, கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கூறுங்கள்" என்று ஒருவன் அழைத்தால், பழவேற்காட்டு ஏரியில் இறால் தடவிவிட்டுக் கரையேறும் தாய் எவ்வாறு ஐயுறுவாள்? சாதியும் முகவரியும் சேர்ந்த பட்டியல் வேண்டாதவர் கைக்குச் சென்றால் என்ன நேரும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மைப் போன்ற சிறியோரை யார் தேடி வருவார் என்பாரும் உளர். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்னும் நச்சுநிரல் ஆள் பார்த்துப் பாயவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இத்தகைய தாக்குதலால் முடங்க, பல நாட்கள் எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார்கள்.

அப்படியானால் விலையுயர்ந்ததை வாங்கிவிட்டால் கவலை தீருமா? 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பெயர்பெற்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் விமானம் ஏறுவதற்கான அனுமதிச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல் மென்பொருளிடம் கணினியின் எல்லாச் சாவிகளும் இருக்கின்றன. ஆகையால் ஒன்றுக்கு இரண்டாக நிறுவாதீர்கள். அவை ஒன்றோடொன்று மோதும்.

என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். நம்முடையதைப் போன்ற அலுவலகத்திற்கு, விண்டோஸிலேயே அமைந்துள்ள டிஃபெண்டரை இயக்கத்தில் வைத்து, புதுப்பிப்புகளைத் தவறாமல் ஏற்றினால் அதுவே பெரும்பாலும் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கணினிகளைப் பற்றி முதலில் முடிவெடுங்கள். மீதமுள்ள கவனம் மேற்பார்வை மென்பொருளுக்குச் செல்லட்டும். எந்தக் கணினி புதுப்பிக்கப்படவில்லை என்பதை அது ஒரே திரையில் காட்டும்; தொலைந்த கைப்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டும். நம் சோகோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, 25 கருவிகள் வரை இலவசப் பதிப்பு தருகிறது. முதலில் அதைப் பயின்று பார்க்கலாம்.

தொண்டர்களின் சொந்தக் கைப்பேசிகள் தனிச் சிக்கல். அவர்களுடைய குடும்பப் படங்களைப் பார்க்கவோ அழிக்கவோ சங்கத்திற்கு உரிமையில்லை. ஆண்ட்ராய்டில் பணிக்கென்று தனிப் பகுதி வகுக்கலாம். அதை மட்டும் சங்கம் ஆளட்டும். இவ்வசதியில்லாத மென்பொருளை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

விற்பனையாளர் வந்தால் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேளுங்கள். முதலாண்டுச் சலுகை தூண்டிலின் இரை. மீனவர் ஊரில் இதைச் சொல்வது மிகைதான். விலகினால் நம் தரவுகளை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். கணக்கு யார் பெயரில் என்பது எல்லாவற்றினும் முக்கியம். நான் அறிந்த ஒரு சங்கத்தில் எழுத்தர் தம் கைப்பேசி எண்ணிலேயே எல்லாவற்றையும் பதிந்திருந்தார். அவர் வேலை தேடி வெளியூர் போனார், எண் மாறியது, விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சங்க மின்னஞ்சலைத் திறக்க ஆளில்லை. குற்றம் அவருடையதன்று, கேட்காமல் இருந்த நிர்வாகத்தினுடையது. நம் கணக்குகள் சங்கத்தின் பெயரிலேயே, இருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் பகுதியைச் சூழ்ந்தது நினைவிருக்கும். கோப்புகளின் மறுபடி கணினிக்கு அருகிலேயே இருந்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொள்ளும். வாரம் ஒருமுறை எடுத்து, மேட்டுப் பகுதியில் உள்ள உறுப்பினர் ஒருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதைத் திறந்தும் பாருங்கள். பணம் பறிபோனால் அப்பொழுதே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வரும் ஞாயிறு காலை இளைஞர்கள் நால்வர் அலுவலகத்திற்கு வாருங்கள். எத்தனை கருவிகள் உள்ளன, யாரிடம் உள்ளன, ஒவ்வொன்றின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். மென்பொருளைப் பற்றிய பேச்சை அதற்குப் பின் எடுத்துக்கொள்வோம்.