ஊரோடு நடந்த முரசு

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



திருவிழாவில் தேருக்கு முன்னே பாண்டு வாத்தியம் முழங்கிச் செல்லும்போது நம் கண்கள் சுரூபத்தின் மீதே இருக்கும். டிரம் அடிப்பவரை யார் கவனிக்கிறோம்? ஆனால் நம் கால்கள் அவர் சொற்படிதான் நடக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். அவர் பால் பார்பரின், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்.

1718-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய கத்தோலிக்க நகரம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிறன்று அவர்களை வேலை வாங்கக் கூடாது என்று 1724-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஞானஸ்நானம் கொடுத்தார்கள், விலங்கை அவிழ்க்கவில்லை. இதை நாம் வெட்கத்தோடுதான் நினைக்க வேண்டும். பிற்காலத்தில் ஞாயிறுதோறும் அம்மக்கள் காங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடி முரசு கொட்டினார்கள். அந்தத் தாளமும் ஐரோப்பிய பாண்டு இசையும் கலந்த மண்ணில் பிறந்ததே ஜாஸ்.

பார்பரின் 1899-இல் அங்கே பிறந்தார். தந்தை இசிடோர், ஆன்வர்ட் பிராஸ் பாண்ட் என்னும் குழுவில் ஊதுகருவி வாசித்தவர். மகனோ டிரம்மைப் பற்றிக்கொண்டார். சிகாகோவில் கிங் ஆலிவருடனும், நியூயார்க்கில் லூயி ரஸ்ஸலுடனும், 1930-களில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்குடனும் வாசித்தார். பெரிய நகரங்களிலேயே இருந்து பேரும் பணமும் தேடியிருக்கலாம். ஆனால் ஊர் திரும்பினார். தம் நகரத்துத் தெருவின் பெயரிலேயே 'போர்பன் ஸ்ட்ரீட் பரேட்' என்ற பாட்டை இயற்றினார். 1960 வாக்கில், மறைந்துபோயிருந்த தந்தையின் குழுவுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் பாண்டு குழு கல்லறைவரை சோக கீதம் வாசித்துச் செல்லும். அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் மாறும். உற்சாகமான இசை எழும். குழுவின் பின்னால் ஊர் மக்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். அழுகையிலிருந்து அவர்களை நடத்தி வருவது டிரம்காரரின் கை. உயிர்ப்பை நம்பும் நமக்கு இது விளங்காததா?

தவக்காலத்துக்கு முந்திய நாட்கள் அந்நகரில் பெருங்கொண்டாட்டம். 1969 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. திருநீற்றுப் புதனுக்கு இரண்டே நாள். ஊர்வலத்தில் டிரம் வாசித்துச் சென்ற பார்பரின், வழியிலேயே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 69.

முரசு ஓய்ந்ததா? இல்லை. பின்னர் அவருடைய சகோதரியின் மகன் டானி பார்க்கர், ஃபேர்வியூ பாப்டிஸ்ட் ஆலயத்தில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு பாண்டு குழு தொடங்கினார். அதிலிருந்து கலைஞர்கள் பலர் எழுந்தார்கள்.

தந்தை விட்டுச்சென்றதை மகன் எடுத்தார். அவர் விட்ட இடத்தில் மருமகன் தொடர்ந்தார். அடுத்த முறை தேருக்கு முன்னே டிரம் ஒலிக்கும்போது, அதை அடிப்பவரின் முகத்தையும் ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள். அவர் அருகே கண் இமைக்காமல் நிற்கும் சிறுவனையும் பாருங்கள். அவனை விரட்டாதீர்கள்.